கையில் பத்துப் பாட்டு: தானே கற்றுத் தானே பதியும் டர்பன் இளைஞருக்கு

உக்ரைனில் 2016 நவம்பரில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வானொலியில் போகும் பாட்டுகளில் முதல் ஆண்டு 25 சதவீதமாவது உக்ரைனிய மொழியில் இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டு 35. 2017 மே மாதம் ரஷ்ய சமூகவலைத்தளமான வி.கே. அங்கே தடுக்கப்பட்டது. இலவசமாகப் பாட்டுக் கேட்கப் பழகியிருந்த ஒரு தலைமுறை யூடியூப் பக்கம் நகர்ந்தது. 2022 பிப்ரவரியில் முழுப் போர் மூண்டபின் ரஷ்யப் பாட்டுகளைக் கேட்பவர்களே ஒதுக்கினார்கள். ஜூனில் நாடாளுமன்றமும் சட்டம் போட்டது. இப்படி மூன்று முறை கதவு திறந்தபோதும், பெரிய ஸ்டூடியோக்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே படுக்கையறையில் பதிந்து வைத்திருந்த பிள்ளைகள் பலர் உள்ளே போய்விட்டார்கள். பரிஷிவ்கா என்ற சிற்றூரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த அல்யோனா அல்யோனா 2018இல் யூடியூபில் ஒரு ராப் காணொளி போட்டார். அடுத்த ஆண்டே முதல் ஆல்பம். 2024இல் ஜெர்ரி ஹெய்லுடன் யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடை ஏறி மூன்றாம் இடம். ஜெர்ரி ஹெய்லும் யூடியூபில் பிறர் பாட்டைப் பாடி ஆள் சேர்த்தவர்தான்.

அதே 2016 மே மாதம் நம் தென்னாப்பிரிக்க ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி.யும் தன் வானொலிகளில் 90 சதவீதம் உள்நாட்டு இசை என்று அறிவித்தது. அதன் இந்தியர் வானொலியான லோட்டஸ் எஃப்.எம். நேயர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. நேயர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போடுவதற்கு இங்கே பதிந்த தமிழ்ப் பாட்டு எத்தனை இருந்தது? கோயில் பஜனை, கல்யாண மேடையில் சினிமாப் பாட்டு, அவ்வளவுதான்.

சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ இருந்துகொண்டு, எவரிடமும் கற்காமல், ஸ்டூடியோ வாடகை இல்லாமல் பத்துப் பாட்டை முடித்துக் கையில் வைத்திருப்பது எப்படி என்பதுதான் கீழே. ஒரு பாட்டு போதாது. ஒன்று ஓடினால் 'வேறென்ன இருக்கிறது' என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் எழுத உட்கார்ந்தால் வண்டி போய்விடும்.

முதலில் ஒரு பாட்டைப் பிரித்துப் போடுங்கள்

தானாகக் கற்பவர்கள் பெரும்பாலும் யூடியூபில் பாடம் பார்த்தே ஓராண்டைக் கழிக்கிறார்கள். அதைவிட வேகமான வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை ஒலிப்பதிவு மென்பொருளில் இழுத்துப் போடுங்கள். ரீப்பர் 60 நாள் இலவசமாக முழுசாக வேலை செய்யும். பேண்ட்லேப் கைபேசியிலேயே ஓடும். பாட்டின் வேகத்தை மென்பொருளின் வேகத்தோடு பொருத்துங்கள். பல்லவி எந்த பாரில் (தாளச் சுற்றில்) தொடங்குகிறது, குரல் எத்தனையாவது விநாடியில் வருகிறது, டிரம் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு இடத்திலும் குறி வையுங்கள். அடுத்து அடியில் ஒரு புது டிராக் (தனிப் பதிவு வரிசை) திறந்து பேஸ் வரியை அப்படியே வாசித்துப் பதியுங்கள், பிறகு டிரம், அதன்பின் கிட்டார். உங்கள் பதிவையும் மூலத்தையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தம் சமமாக இல்லாவிட்டால் உரக்க ஒலிப்பதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும்.

மூன்று பாட்டை இப்படிப் பிரித்துக் கட்டினால் போதும். இந்தப் பயிற்சிப் பதிவுகளை எங்கும் போடாதீர்கள்.

இப்போதைய உக்ரைனிய இண்டி இசையில், அதாவது பெரிய நிறுவனம் சாராத இசையில், ஒரு பெரிய கிளை போஸ்ட்-பங்க் (பங்க் ராக்குக்குப் பின்வந்த பாணி) சாயல் கொண்டது. பழக அது நல்ல இடம், ஏனென்றால் உறுப்புகள் குறைவு: டிரம் மெஷின், பிக் வைத்து வாசிக்கும் பேஸ், கோரஸ் (ஒலியை அலைபோல் ஆட்டும் விளைவு) போட்ட கிட்டார், ஒரு சிந்த் (மின்னணு விசை வாத்தியம்), ஒரு குரல். மெட்டைப் பெரும்பாலும் பேஸ்தான் தூக்கிப் போகும்; கிட்டார் மேலே இரண்டு மூன்று சுரத்தோடு நின்றுவிடும். கோரஸின் வேகத்தை அரை ஹெர்ட்ஸிலிருந்து ஒரு ஹெர்ட்ஸுக்குள் வைத்தால் அந்த நனைந்த ஒலி வரும். அதற்கு மேல் போனால் பீடா கடை ஸ்பீக்கர் மாதிரி ஆடும்.

என்ன வாங்குவது, எந்த வரிசையில்

மடிக்கணினி ஏற்கெனவே வீட்டில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். முதல் செலவு காதை முழுசாக மூடும் ஹெட்ஃபோன். அடுத்தது ஒரு மைக் உள்ளீடும் ஒரு கிட்டார் உள்ளீடும் கொண்ட சிறிய இன்டர்ஃபேஸ், அதாவது அவற்றைக் கணினியோடு இணைக்கும் பெட்டி. மூன்றாவது மைக். அதோடு தாங்கி, ஐந்து மீட்டர் எக்ஸ்.எல்.ஆர். (மைக்) கேபிள், மூச்சுக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். ஸ்பீக்கரைப் பத்தாவது பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சரி செய்யாத அறையில் நல்ல ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும்.

எந்த மைக் என்பதில் பணம் வீணாவது இங்கே வழக்கம். கண்டென்சர் மைக் காட்டும் நுணுக்கம் அழகுதான்; ஆனால் கவுன்சில் வீட்டில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு பதியும்போது, பக்கத்து ஆண்ட்டியின் சீரியலும் அதே நுணுக்கத்தோடு பதியும். ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக் தூரத்துச் சத்தத்தைக் குறைவாக எடுக்கும், கீழே விழுந்தாலும் பிழைக்கும். அதன் குறை ஒன்று: மென்மையாகப் பாடுபவருக்கு 55 டெசிபல் அளவுக்கு கெயின் (ஒலிப் பெருக்கம்) கேட்கும், மலிவான இன்டர்ஃபேஸ் அந்த உச்சத்தில் 'ஸ்ஸ்' என்று இரையும். மெல்லிய குரல்காரர் மைக்குக்கு ஐந்து எட்டு சென்டிமீட்டர் வரை நெருங்கிப் பாடினால் கெயினைக் குறைத்துக்கொள்ளலாம். நெருங்கினால் அடித்தொனி பெருக்கும். அதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கேஷ் கன்வர்ட்டர்ஸ் போன்ற பழைய பொருள் கடையில் வாங்கினால் கையோடு ஹெட்ஃபோனும் கேபிளும் கொண்டு போங்கள். இன்டர்ஃபேஸின் எல்லாக் குமிழையும் மெதுவாகத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் வேண்டாம். 48 வோல்ட் பொத்தான் (கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தருவது) வேலை செய்கிறதா என்று ஒரு கண்டென்சர் மைக்கை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

டர்பன் ஈரக்காற்றில் கண்டென்சர் மைக் சீக்கிரம் கெடும். அதன் சவ்வில் ஈரம் ஏறினால் எண்ணெயில் வடை பொரிவது போலப் படபடக்கும். பாடி முடித்ததும் 48 வோல்ட்டை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிடுங்கள். கிட்டார் கம்பியையும் வாசித்தவுடன் துடைக்க வேண்டும், இல்லையென்றால் துருப்பிடிக்கும்.

அறை

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டாதீர்கள். அதனால் ஒலி அடங்காது, தீப்பிடிக்கும் அபாயம்தான் மிச்சம்.

அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டின பின் 'ட்ரிங்' என்று உலோக வால் ஒன்று கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். கார்டியாய்டு மைக் முன்னால் வருவதை எடுக்கும், முதுகுப்பக்கத்தை விட்டுவிடும். ஆகவே மைக் பார்க்கும் திசை, அதாவது பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் முக்கியம். பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால் போர்வை தொங்கவிட்டு, தங்கள் முதுகுக்குப் பின் வெறும் சுவரை விட்டுவிடுகிறார்கள்; அதனால் குரல் குளியலறையில் பாடியது போல் வரும்.

குளிர்காலத் தடிமன் டூவே (பஞ்சுப் போர்வை) இரண்டு எடுங்கள். துணிக்கொடி மாதிரி ஒரு கயிறு கட்டி, பாடுபவரின் முதுகுக்குப் பின்னும் ஒரு பக்கத்திலும் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் 10–15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளிதான் தாழ்ந்த ஒலியையும் கொஞ்சம் அடக்கும். மறுபக்கத்தில் உடுப்பு நிறைந்த அலமாரியைத் திறந்து வையுங்கள். அறையின் நட்டநடுவில் நிற்காமல் ஒரு முழம் தள்ளி நில்லுங்கள்.

வெளிச்சத்தம் வேறு கதை. ஹடீடா பறவை விடியலிலும் அந்தியிலும் கத்தும், அதற்கு எந்தப் போர்வையும் தடை இல்லை. டாக்ஸி ஹார்ன் காலையில். மழை வந்தால் தகரக் கூரைக்கடியில் பதிவே கிடையாது. பள்ளி நடக்கும் நாளில் காலை பத்திலிருந்து பகல் ஒன்று வரை, அல்லது இரவு ஒன்பதுக்கு மேல் உட்காருங்கள். இரையும் குளிர்சாதனப் பெட்டியை அணைக்கும்போது கார் சாவியை உள்ளே வைத்துவிடுங்கள். சாவி எடுக்கப் போகும்போது பெட்டியைத் திரும்பப் போட நினைவு வரும்.

மின்சாரம்

2022 அக்டோபரிலிருந்து உக்ரைனின் மின்நிலையங்கள் மேல் தாக்குதல் தொடங்கியது. அங்கே பதிபவர்களும் மின்சாரம் இருக்கும் நேரத்தைப் பார்த்தே வேலை செய்ய வேண்டியதாயிற்று. காரணம் வேறானாலும் 2023இல் லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) நமக்குக் கற்றுத்தந்ததும் அதுவே. 2024 மார்ச் இறுதிக்குப் பின் அது பெரிதும் ஓய்ந்துவிட்டது. கேபிள் திருட்டும் உள்ளூர் பழுதும் ஓயவில்லை.

யு.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸாக வாங்கினால் மடிக்கணினி பேட்டரியிலேயே எல்லாம் ஓடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கிட்டாரை நேராக மாட்டும்போது கேட்கும் 50 ஹெர்ட்ஸ் முனகலும் சிணுங்கலும் பலமுறை சார்ஜரிலிருந்தே வருகின்றன. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிந்தால் போய்விடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது ப்யூர் சைன் வகையா என்று பாருங்கள். மலிவான மாடிஃபைட் சைன் இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தில் எல்லா டிராக்கிலும் வண்டு ரீங்காரம் ஏறும். மின்சாரம் திரும்பி வரும் நொடிதான் கருவி கருகும் நொடி, ஆகவே போனவுடன் பிளக்கைக் கழற்றுங்கள். தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். பதிவுக் கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினி, வெளி டிரைவ், இணையக் கிடங்கு. வெளி டிரைவ் அதே பையில் இருந்தால் அது இரண்டாவது பிரதி ஆகாது; பையோடு சேர்ந்தே திருட்டுப் போகும்.

பாட்டு கட்டுவது

குரல் 15 விநாடிக்குள் வரட்டும், மொத்தம் இரண்டரையிலிருந்து மூன்றேகால் நிமிடம். எட்டு டிராக்குக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வெற்று வார்ப்பைத் தயார் செய்து வையுங்கள்: டிரம், பேஸ், இரண்டு கிட்டார், சிந்த், குரல், இரட்டைக் குரல், ரிவர்ப் (எதிரொலி). மெட்டு தோன்றியதும் திறந்தால் ஒரு நிமிடத்தில் பதியத் தொடங்கிவிட வேண்டும்.

தமிழில் எழுதும்போது ஒரு விதி காப்பாற்றும்: நீளும் சுரத்தை நெடிலில் போடுங்கள். குறிலை இழுத்தால் 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும், 'படம்' 'பாடம்' ஆகிவிடும். ஆங்கில மெட்டில் தமிழை அடைப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். முதலில் வரியைப் பேசுங்கள், அதன் தாளத்தைக் கையால் தட்டுங்கள், பிறகு மெட்டு. நம் வீட்டுப் பழைய பேச்சு சென்னைச் சினிமாத் தமிழ் மாதிரி இல்லையே என்று வெட்கப்பட்டு மாற்றாதீர்கள். தாத்தா பேசின சொல், நடுவே ஒரு ஸூலுச் சொல், டர்பன் ஆங்கிலம் என்று கலந்து வந்தால் வரட்டும். சென்னைப் பாட்டுக்குச் சென்னையிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உக்ரைனியப் பிள்ளைகளும் மாஸ்கோப் பாட்டின் நகலைக் கொடுத்து மேலே வரவில்லை. ஆனால் ழகர, ளகர, றகரத்தை எழுத்தறிந்த பெரியவர் ஒருவரிடம் பாடிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும்.

கும்மி, கோலாட்ட நடையை எடுத்தால் மென்பொருளில் தாளத்தை 6/8 அல்லது 12/8 என்று மாற்றிவிட்டே தொடங்குங்கள். 4/4 கட்டத்தில் வைத்து கையால் நகர்த்தினால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும், கடைசியில் கும்மி அணிவகுப்பு நடை போடும்.

உடுக்கையும் உருமியும்

காவடி மேளம் நமக்குக் கிடைத்த வரம். இண்டி பாட்டில் இந்த ஒலி அதிகம் கேட்காது. பதிவது மட்டும் கொஞ்சம் வம்பு.

உடுக்கையின் அடி மிக விரைவானது, சட்டென்று உச்சத்துக்கு எகிறும். ஆகவே குரலுக்கு உச்சம் மைனஸ் 12 டெசிபல் என்றால் உடுக்கைக்கு மைனஸ் 18 வையுங்கள். மைக் 30–40 சென்டிமீட்டர் தள்ளி, தோலுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. நடுக்கயிற்றை அழுத்தும்போது சுரம் வழுக்குவதுதான் உடுக்கையின் உயிர். வாசிப்பவரிடம் அதை மெதுவாக அழுத்தச் சொல்லித் தனியாகவும் நான்கைந்து முறை பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உருமியில் வளைந்த குச்சி தேய்க்கும் பக்கம்தான் முனகும், மைக் அந்தப் பக்கம் 20–30 சென்டிமீட்டரில். இரண்டு பக்கத்துக்கும் மைக் வைத்தால் ஒன்றின் பொலாரிட்டியை (ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை) மென்பொருளில் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் அடித்தொனி கனக்கிறதோ அதுவே சரி. தாழ்ந்த ஒலியை வெட்டினால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டுங்கள். பேஸ் கிட்டாரும் உருமியும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்; உருமி முனகும் பாரில் பேஸை நிறுத்திவிடுவது எந்த ஈக்யூவையும் (அதிர்வெண் திருத்தத்தையும்) விட நல்ல தீர்வு.

மேளக்காரர் காதில் மெட்ரோனோம் மாட்டாதீர்கள். காவடிக்கு வாசித்துப் பழகியவர் நடையை அழைத்துப் போவார், வேகம் ஏறும், அதுதான் அழகு. அவரை முதலில் பதிந்து, ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் மென்பொருளில் வேகக் குறி வைத்து, மற்றதை அதன்மேல் கட்டுங்கள். கோயிலில் நடக்கும் காவடியைக் கைபேசியில் பிடித்துப் பாட்டில் ஒட்டுவதானால் கோயில் நிர்வாகத்திடமும் வாசித்தவரிடமும் முன்கூட்டிக் கேளுங்கள். வாசித்தவருக்குப் பணமும் பெயரும் சேர வேண்டும்.

ஹார்மோனியம் வைத்தால் அது எந்தச் சுருதியில் நிற்கிறது என்று டியூனரில் பாருங்கள். பழைய பெட்டிகள் 440இலிருந்து கொஞ்சம் விலகியே இருக்கும். பெட்டியை மாற்ற முடியாது, கிட்டாரைத்தான் அதற்குச் சேர்க்க வேண்டும்.

குரல்

பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பதியும்போது பஃபர் (கணினி ஒருமுறை கையாளும் ஒலித் துண்டு) 128, கலக்கும்போது 1024. மெல்லிய குரல் இல்லாதவர் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கலாம்; மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் மூக்குயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் 'ப'வும் 'த'வும் குத்தாது. முழுப் பாட்டையும் நான்கு முறை பாடுங்கள். வரி வரியாக நிறுத்திப் பாடினால் மூச்சு பொருந்தாது. நான்கிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி, ஒட்டும் இடத்தில் 5–10 மில்லிவிநாடி கலப்பு கொடுங்கள். மூச்சொலியை முழுசாக வெட்டினால் பொம்மை பாடுவது போலிருக்கும். ஆறு டெசிபல் இறக்கினால் போதும்.

சுருதி திருத்தும் செருகியை (மென்பொருளோடு சேரும் துணைநிரலை) தொடும்போது கவனம். அது மேற்கத்திய நேர்ச்சுரத்துக்கு உண்டானது. வேகமாக வைத்தால் கமகத்தைப் பிழை என்று நினைத்துத் தட்டையாக்கிவிடும். திருத்தும் வேகத்தை நன்றாக மெதுவாக்குங்கள், அல்லது பிசகிய சுரத்தை மட்டும் கையால் திருத்துங்கள்.

கலவையில் குரலுக்கு 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 200–400க்குள் இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் மொத்தை போகும். காம்ப்ரஸர் (உரத்த இடங்களை அடக்குவது) 3:1, உச்சத்தில் நான்கு முதல் ஆறு டெசிபல் அடங்கினால் போதுமானது. 'ச', 'ஸ' சீறினால் 5–8 கிலோஹெர்ட்ஸில் டீ-எஸ்ஸர். ரிவர்ப்பில் 20–30 மில்லிவிநாடி முன்தாமதம் வைத்தால் சொல் தெளிவாக நிற்கும். முடித்ததும் ஒருமுறை மோனோவில் கேளுங்கள், கைபேசி ஸ்பீக்கரில் கேளுங்கள், காரில் கேளுங்கள். காரில் சொல் புரியவில்லை என்றால் குரலை ஒரு டெசிபல் ஏற்றுங்கள். கிட்டாரை இறக்கினால் இன்னும் நல்லது.

கடைசி லிமிட்டரில், அதாவது ஒலி எல்லை தாண்டாமல் தடுக்கும் செருகியில், உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சத்த அளவு) என்ற சராசரியை ஒட்டியே சத்தத்தைச் சமன் செய்கின்றன. மைனஸ் 7 வரை நசுக்கி அனுப்பினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். டிரம்மின் அடி செத்ததுதான் மிச்சம்.

வெளியிடுதல்

முதல் பாட்டை முடித்தவுடன் போட்டுவிடத் தோன்றும். நான்கு முடியும்வரை பொறுங்கள். நான்கு கையில் இருந்தால் ஆறு வாரத்துக்கு ஒன்றாக விடலாம், விடும் காலத்தில் அடுத்தவற்றை முடிக்கலாம்.

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனங்கள் இரண்டு வகை: ஆண்டுச் சந்தா, ஒருமுறைக் கட்டணம். சந்தாவில் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறக்கப்படலாம், விதியைப் படித்துவிட்டுச் சேருங்கள். வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரம் முன் ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை முன்வைக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும், வெளிவந்த பின் அந்த வாசல் மூடிவிடும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல். அதில் இணைய முகவரியோ இன்ஸ்டா பெயரோ இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறியுங்கள். உங்கள் பெயரை ஒரு பாட்டில் தமிழெழுத்திலும் அடுத்ததில் ஆங்கில எழுத்திலும் கொடுத்தால் இரண்டு கலைஞர் பக்கம் உருவாகும், சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

யூடியூபில் குத்தகைக்கு எடுத்த பீட்டில் (ஆயத்தப் பின்னணி இசையில்) பாடியிருந்தால் உரிமைப் பத்திரத்தைப் படியுங்கள். பெரும்பாலும் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று வரம்பு இருக்கும், கன்டென்ட் ஐடியில் (யூடியூபின் உரிமை கண்டறியும் முறையில்) பதியக் கூடாது என்றும் இருக்கும். அதே பீட்டை இன்னும் நூறு பேர் எடுத்திருப்பார்கள். நீங்கள் பதிந்தால் அவர்கள் எல்லோர்மேலும் உரிமைக்கோரல் பாயும். திருப்புகழ் வரியையோ அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தையோ பாடத் தடையில்லை, சொல்லுக்கு உரிமைக்காலம் என்றோ முடிந்தது. ஆனால் உங்கள் காதில் இருக்கும் மெட்டு, நேற்றைய இசையமைப்பாளர் கேசட்டுக்குப் போட்டதாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் மெட்டைப் புதிதாகப் போடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம்.

விளம்பரத்துக்கு முகம் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. 2023இல் கிளாவ்டியா பெட்ரிவ்னா என்ற பெயரில் முகம் காட்டாமல் டிக்டாக்கில் துண்டு துண்டாகப் போட்டே ஒரு பாடகி உக்ரைன் முழுவதும் பரவினார். பாட்டின் மிக வலுவான 15 விநாடியை எடுத்து, வெவ்வேறு படத்தோடு ஐந்து முறை போடுங்கள்: மேளம் பதியும் கை, மழையில் கூரை, எழுதின தாள். பணம் கட்டினால் பத்தாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம் என்று வருபவரை அப்படியே தடுத்துவிடுங்கள். பொய்க் கேட்பை ஸ்பாட்டிஃபை கண்டுபிடித்தால் விநியோக நிறுவனத்துக்கு அபராதம் போடுகிறது, அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், பாட்டும் போய்விடும். 2024லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடினால்தான் அங்கே காசு சேரும் என்பதையும் மனதில் வையுங்கள். முதல் ஆண்டு வருமானம் என்று எதுவும் கணக்குப் போடாதீர்கள்.

உரிமைச் சங்கங்கள்

தென்னாப்பிரிக்காவில் பாட்டு உருவானவுடனே பதிப்புரிமை தானாக வந்துவிடும், எங்கும் பதிய வேண்டாம். காசு வசூலிக்கத்தான் சங்கங்கள். எழுதியவர், மெட்டமைத்தவர் ஆகியோருக்கு ஒலிபரப்பு, மேடை வகைக் காசை சாம்ரோ தரும். ஸ்ட்ரீம், பதிவிறக்கம் ஆகியவற்றின் பிரதி உரிமை கபாஸோ. பதிவில் பாடியவர், வாசித்தவர், பதிவின் உரிமையாளர் ஆகியோருக்கு வானொலிக் காசு சாம்ப்ரா. நீங்களே எழுதி, பாடி, பதிந்தால் மூன்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. ஒன்றில் சேர்ந்தால் மற்றது தானாக வராது.

விநியோக நிறுவனப் படிவத்தில் பப்ளிஷிங் நிர்வாகம் (எழுத்து, மெட்டு உரிமைக் காசை அவர்களே வசூலிப்பது) என்று ஒரு பெட்டி இருக்கும். சாம்ரோ, கபாஸோவில் சேர்ந்தவர் அதில் டிக் போடாதீர்கள். ஒரே உரிமையை இரண்டு பேர் கோரினால் இரண்டு பக்கமும் காசு நின்றுவிடும். பதிவின் அடையாள எண்ணான ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை விநியோக நிறுவனமே தரும், அல்லது ஒலிப்பதிவுத் துறைச் சங்கமான ரிசாவில் சொந்தமாக வாங்கலாம். எப்படி வாங்கினாலும் ஒரு பதிவுக்கு ஒரே எண்தான். நிறுவனம் மாறும்போது பழைய எண்ணையே கொடுங்கள், இல்லையென்றால் ஓடிய எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும்.

கூட்டாளியோடு எழுதினால் அன்றைக்கே ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மச்சானாக இருந்தாலும், அண்ணனாக இருந்தாலும். மச்சான் என்றால் கட்டாயம்.

வானொலிக்கு அனுப்பும்போது

லோட்டஸ் எஃப்.எம்., ஹிந்த்வாணி இரண்டும் டர்பனிலேயே இருக்கின்றன. தமிழ் நிகழ்ச்சி நடத்துபவர் யார் என்று கேட்டறிந்து அவர் பெயருக்கே அனுப்புங்கள். மூன்றரை நிமிடத்துக்குள் ஒரு வானொலிப் பதிப்பு, கோப்பின் பெயரிலேயே கலைஞர் பெயரும் பாட்டின் பெயரும், உள்ளே ஐ.எஸ்.ஆர்.சி. எண், ஒரு பக்கத்துக்கு மேல் போகாத அறிமுகம். அந்த அறிமுகத்தில் உங்கள் பெயரையும் பாட்டின் தலைப்பையும் எப்படி உச்சரிப்பது என்று எழுதுங்கள்; உச்சரிக்கத் தெரியாத பெயரை அறிவிப்பாளர் தள்ளி வைத்துவிடுவார். பாட்டு எதைப் பற்றியது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் இனிக்கும், பொருள் புரியாது.

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பொருந்தும் பாட்டு இருந்தால் ஆறு வாரம் முன்பே அனுப்புங்கள். ஈஸ்டர் வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடும், கூழ் ஊற்றும் மாதம் வரும்; இந்த நாட்களை நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடலாம்.

ஒவ்வொரு பாட்டையும் முடித்த அன்றே ஐந்து கோப்புகளாக வெளியே எடுத்து ஒரே அடைவில் போடுங்கள்: முழுப் பாட்டு, வானொலிப் பதிப்பு, குரல் இல்லாத பதிப்பு, குரல் மட்டும், தனித்தனி டிராக்குகள். எல்லாம் 24 பிட் வேவ். நாடகக்குழு பின்னணிக்குக் கேட்கும், நடனப்பள்ளி குரல் இல்லாததைக் கேட்கும், மேடையில் நீங்களே பாட அதுவே தேவைப்படும். இரண்டு ஆண்டு கழித்துப் பழைய கோப்பைத் திறந்தால் பாதிச் செருகி காணாமல் போயிருக்கும், அப்போது எடுக்க முடியாது.